சிவப்பாக இருந்தால் எல்லாம் ஒரே ஒயிலா?

2003 ஹொண்டா ஃபிட். சிக்னலில் நின்று புறப்படும்போது உதறுகிறது, ஓடத் தொடங்கியதும் சரியாகிவிடுகிறது. போன மாதம்தான் கியர் ஒயில் மாற்றினோம். கியர் பெட்டி போய்விட்டது, ரீகண்டிஷன் போடுங்கள் என்கிறார் கராஜ்காரர்.
– வாசகி, வெள்ளவத்தை

பெட்டிக்கு இப்போதே முற்பணம் கட்டிவிடாதீர்கள். போன மாதம் ஊற்றிய ஒயிலின் வெற்றுப் போத்தலைக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஃபிட்டில் என்ஜினையும் பெட்டியையும் ஒயில் மூலம் இணைக்கும் டோர்க் கன்வேர்ட்டர் கிடையாது. நிற்கும் வண்டியை நகர்த்துவது ஒயிலில் நனைந்தபடி வேலை செய்யும் ஸ்டார்ட் கிளச். அதற்கு ஹொண்டாவின் எச்.எம்.எம்.எஃப். ஒயில்தான் வேண்டும். சாதாரண ஓட்டோ கியர் ஒயிலான ஏ.டி.எஃப். ஊற்றினால் கிளச் வழுக்கும், பிடிக்கும், மறுபடி வழுக்கும். நீங்கள் எழுதியிருக்கும் உதறல் அச்சொட்டாக அதுதான்.

எச்.எம்.எம்.எஃப். ஊற்றுவதற்காகப் பழைய ஒயிலை வடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வடிகால் ஆணியின் காந்தத்தில் கரும்சாம்பல் களிம்பு ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் தேய்க்கையில் மினுங்கும் சீவல் அகப்பட்டால்தான் பெட்டியைப் பற்றி யோசிக்கலாம். வடிந்ததை அளந்து அதே அளவு ஊற்றி, என்ஜின் நன்றாகச் சூடேறியதும் நிறுத்தி, ஒன்றரை நிமிடத்துக்குள் டிப் ஸ்டிக் பார்க்க வேண்டும். டொயோட்டாவின் பழைய ஓட்டோ (தானியங்கி) பெட்டிகளில் இது மறுவளம்: என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும்.

போத்தலைக் கேட்கச் சொன்னேனே, அதற்குக் காரணம் இருக்கிறது. "சிவப்பு ஒயில் எல்லாம் ஒன்றுதான்" என்று கவுண்டருக்குப் பின்னால் நின்று சொல்கிறவர்கள் கொழும்பில் குறையவே மாட்டார்கள். நிறம் என்பது வெறும் சாயம். பெட்டிக்குத் தேவை ஒயிலின் வழுக்கும் குணமும் பிடிக்கும் குணமும் எந்த அளவில் இருக்கின்றன என்பது. டொயோட்டாவின் டைப் டி-4, மிட்சுபிஷியின் எஸ்.பி.-3, நிசானின் மெட்டிக் என்று தனித்தனியாக வைத்திருப்பது அதற்காகத்தான். உங்கள் ஃபிட்டில் இருப்பது போன்ற சீ.வீ.டி. பெட்டியில், கியர்ச் சக்கரங்களுக்குப் பதிலாக வேலை செய்யும் உருக்குப் பட்டி கப்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கே வழுக்கினால் பட்டியும் கப்பியும் சேர்ந்து கீறுபடும். "எல்லா வாகனத்துக்கும்" என்று அச்சிட்ட போத்தலைப் பாதி விலைக்கு வாங்கியவன் நானும்தான். மிச்சம் இப்போது கேற் பிணைச்சலுக்குப் போகிறது.

இன்னொரு பேச்சும் உண்டு: "பழைய வண்டியில் ஒயில் மாற்றினால் கியர் போய்விடும்." பாதி உண்மை. ஒயில் கருகி மணக்கிறது, கியர் ஏற்கெனவே வழுக்குகிறது என்றால் புது ஒயிலால் அதைக் காப்பாற்ற முடியாது. போகவிருந்தது போகிறது, பழி ஒயில் மீது விழுகிறது. வழுக்கவில்லை என்றால் தாராளமாக மாற்றலாம். மெஷின் வைத்து அழுத்திக் கழுவ மட்டும் விடாதீர்கள். எட்டு லீட்டர் கொள்ளும் பெட்டியில் ஆணி வழியாக மூன்று லீட்டர்தான் வடியும், மீதி டோர்க் கன்வேர்ட்டரிலும் குழாய்களிலும் நிற்கும். சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று தடவை வடித்து ஊற்றினால் முக்கால்வாசி புதிதாகிவிடும். டோர்க் கன்வேர்ட்டர் இல்லாவிட்டாலும் உங்கள் ஃபிட்டுக்கும் இதே முறைதான்.

1999 நிசான் சன்னி, ஓட்டோ கியர். மீட்டரில் 85,000. "கியர் ஒயில் ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?
– தெஹிவளை

வேண்டாம். மீட்டரையும் நம்பாதீர்கள், அவரையும் நம்பாதீர்கள்.

மாருதி 800க்கு லொறிக்கு ஊற்றும் 140 ஒயில் மலிவாகக் கிடைத்தது, ஊற்றினேன். இப்போது காலையில் இரண்டாவது கியர் கரகரக்கிறது. பெட்டி பிரிக்க வேண்டுமா?
– மட்டக்குளி

தம்பி, போத்தலில் எழுதியிருந்ததை வாசித்தீர்களா? அது டிஃபரன்ஷலுக்கான (சில்லுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பகுதிக்கான) ஜீ.எல்.-5 தர ஒயில். அதிலிருக்கும் கந்தகச் சேர்மானம், கியர்களின் வேகத்தைச் சமப்படுத்திச் சேர்க்கும் சின்க்ரோ வளையத்தின் பித்தளையை அரிக்கும். தடிப்பான ஒயிலில் அந்த வளையம் கியரின் வேகத்தைச் சட்டென்று குறைக்கவும் முடியாது, அதனால்தான் கரகரப்பு. வண்டியைச் சூடாக ஓட்டிவிட்டு வடித்து, 75டபிள்யூ-90 ஜீ.எல்.-4 ஊற்றுங்கள். ஊற்றும் ஆணியை முதலில் கழற்றிப் பாருங்கள். அது இறுகிக் கிடக்க, கீழ் ஆணியைத் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டு வெறும் பெட்டியோடு நிற்கிறவர்கள் உண்டு. ஊற்றும் துளையின் விளிம்பில் வழியத் தொடங்கினால் அளவு சரி. 500 கிலோமீட்டர் ஓடியும் கரகரத்தால் வளையம் தேய்ந்துவிட்டது, பிரிக்கத்தான் வேண்டும்.

கிளச் பிளேட் மாற்றி மூன்று மாதம். இப்போது பெடலை மிதித்தால் உர்ர் என்று சத்தம்.
– கொட்டாஞ்சேனை

பெடலை மிதிக்கும்போது கிளச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். மிதிக்கும்போது சத்தம் வந்தால் அது. காலை எடுத்ததும் வந்தால் பெட்டிக்குள் இன்புட் ஷாஃப்ட் பேரிங். பெட்டியை இறக்கும் கூலி ஒன்றுதான். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாகவே போட்டிருக்க வேண்டும். மறுபடி இறக்கும்போது கிராங்கின் பின் சீலில் கசிவு உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் ஓட்டோ பெட்டி வாங்கினேன். ஆறு வாரத்தில் மூன்றிலிருந்து நான்குக்கு மாறும்போது வழுக்குகிறது. "ஆறு மாதம் உத்தரவாதம்" என்று வாயால் சொன்ன கடைக்காரர், கராஜ் பிழை என்கிறார். பற்றுச்சீட்டில் "கியர் பொக்ஸ் 1" என்று மட்டும் இருக்கிறது.
– வத்தளை

உங்கள் காசு போனது எனக்கும் எரிகிறது. பற்றுச்சீட்டு இருக்கிறதே, அதுவே பெரிய விஷயம். பெட்டியைக் கழற்றுவதற்கு முன் அதில் பொறித்திருக்கும் மாதிரி எழுத்தையும் இலக்கத்தையும் படமெடுங்கள். ஒயிலில் கொஞ்சம் நிறமில்லாத தெளிந்த போத்தலில் எடுத்து வையுங்கள். பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அப்படியானால் கடைக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. அடுத்தது, பூட்டிய கராஜ் பெட்டி ஒயிலைக் குளிரூட்டும் குழாயைக் கழுவியதா என்று கேளுங்கள். கழுவாவிட்டால் பழைய பெட்டியின் தூள் நேரே புதியதற்குள் போய் வால்வுகளை அடைக்கும். இந்த இரண்டும் இல்லையென்றால் பெட்டியே பிழை. கடைக்கு எழுத்தில் அறிவியுங்கள். மசியாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்துமூலம் முறைப்பாடு கொடுங்கள். வாங்கி மூன்று மாதம் ஆகுமுன் கொடுத்துவிடுவது நல்லது. விசாரிக்கத் தொலைபேசி இலக்கம் 1977.

வாங்கப்போகும் மற்றவர்களுக்கு: பெட்டி இலக்கம், உத்தரவாத நாள், டோர்க் கன்வேர்ட்டர் சேர்த்தியா என்பது, மூன்றும் பற்றுச்சீட்டில் எழுதப்படும்வரை காசை எண்ணாதீர்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம்.

ஓட்டோ கார் கல்கிசையில் நின்றுவிட்டது. கயிறு கட்டி கிருலப்பனை கராஜுக்கு இழுக்கலாமா?
– பெயர் வேண்டாம்

இழுக்காதீர்கள். பெட்டிக்குள் ஒயிலைச் சுற்றவைக்கும் பம்ப் என்ஜினால்தான் ஓடுகிறது. என்ஜின் நின்றிருக்கச் சில்லு உருண்டால் உள்ளே எல்லாம் காய்ந்துபோய் உரசும். என்ஜின் சுற்றும் சில்லுகளை (முன் சில்லில் ஓடும் காரானால் முன் சில்லுகளை) தூக்கி எடுத்துப் போகும் வண்டியைக் கூப்பிடுங்கள்.