ஈரலில் கட்டி: ஆட்டை விடுங்கள், நாயைப் பாருங்கள்

கேள்வி: 80 செம்மறிகள் வைத்துக் கிடை போடுகிறோம். போன வாரம் அறுத்த கிழட்டு ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் எலுமிச்சை அளவில் வெள்ளைக் கட்டிகள். புற்றுநோய் என்கிறார் கறிக்கடைக்காரர். ஈரலை நாய்களுக்குப் போட்டுவிட்டோம். மற்ற ஆடுகளுக்கு என்ன ஊசி போடலாம்? என் அம்மாவுக்கும் ஈரலில் கட்டி என்று ஸ்கேனில் வந்திருப்பதால் பயமாக இருக்கிறது.

பதில்: கட்டியைக் கீறியபோது தெளிந்த நீர் பீறிட்டதா? உள்ளே அவித்த முட்டையின் வெள்ளைக்கரு போல ஒரு சவ்வு உரிந்து வந்ததா? அப்படியென்றால் அது புற்றுநோய் இல்லை, நாயின் நாடாப்புழு ஆட்டுக்குள் வளர்த்த நீர்க்கட்டி. புற்றுக்கட்டி பெரும்பாலும் கெட்டிச் சதையாக இருக்கும். இது ஆட்டிலிருந்து ஆட்டுக்குத் தொற்றாது. ஆகவே ஊசி தேவையில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது, ஈரலை நாய்க்குப் போட்ட அந்த ஒரு வரிதான். கட்டிக்குள் இருக்கும் புழுவின் நுண்தலைகள் நாயின் குடலில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத புழுக்களாகின்றன. சுமார் ஆறு வாரத்தில் முட்டைகள் மலத்தோடு வெளியேறிப் புல்லிலும் தண்ணீரிலும் நாயின் மயிரிலும் ஒட்டிக்கொள்கின்றன. ஆடு மேய்ந்து விழுங்குகிறது. நாயைத் தடவிய கையோடு சாப்பிடும் மனிதரும் விழுங்குகிறார். நீங்கள் நாய்க்குப் போட்ட முதல் ஈரல் இதுவாக இருக்காது.

எல்லா நாய்களுக்கும் நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவாண்டல் மாத்திரை கொடுங்கள். கிலோ எடைக்கு 5 மில்லிகிராம், ஆறு வாரத்துக்கு ஒருமுறை. மருந்துக்கடையில் ஐவர்மெக்டின் ஊசியை நீட்டி, எல்லாப் புழுவும் போய்விடும் என்பார்கள். நாடாப்புழுவை அது தொடவே தொடாது. இதைச் சொல்லாமல் விற்பவரிடம் இனி எதுவும் வாங்காதீர்கள். மாத்திரை முட்டையைக் கொல்லாது; எனவே இரண்டு மூன்று நாள் நாயைக் கட்டிவைத்து மலத்தை எரித்துவிடுங்கள். கட்டியுள்ள உறுப்புகளை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். ஐஸ்லாந்தில் 19ஆம் நூற்றாண்டில் இந்த நோய் மக்களிடையே மிகுந்திருந்தது. நாய்க்குக் கழிவு ஈரல் கிடைக்காமல் செய்தும் நாய்க்கு மருந்து கொடுத்தும்தான் அதை ஒழித்தார்கள்.

அம்மாவின் கட்டி எதுவென்று நான் சொல்ல முடியாது. நான் கால்நடை மருத்துவன். ஆனால் ஊசி குத்திச் சதை எடுப்பதற்கு முன், ஆடும் நாயுமாக வாழ்கிறோம் என்று அவருடைய மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இதே நீர்க்கட்டி மனிதரின் ஈரலில் புற்றுநோய் போலத் தோற்றம் காட்டுவதுண்டு. தெரியாமல் குத்தி அது கசிந்தால் கடும் ஒவ்வாமை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வயிற்றுக்குள் புதுக் கட்டிகளும் முளைக்கலாம். நாளைக்கே போய்ச் சொல்லுங்கள்.