சேவைக் கழகத்தில் சேரும் இளையவர்கள் ஏன் சில மாதங்களில் காணாமல் போகிறார்கள்?

ஆள் சேர்ப்பது கஷ்டமில்லை, வந்த பிள்ளையைக் கதிரையில் இருத்தி பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை என்று இரண்டு மணித்தியாலம் கேட்கவைப்பதுதான் பிரச்சினை. முதற்கூட்டத்துக்கு முன்பே ஒரு வேலையில் இறக்கிவிடுங்கள்: யாழ். போதனா வைத்தியசாலைக்கான இரத்ததான முகாமில் பெயர் பதிவது, மாரிக்கு முன் வாய்க்கால் துப்புரவாக்கும் சிரமதானம், ஏதாவது. அப்புறம் சந்தா எவ்வளவு, சாப்பாட்டுச் செலவு யாருடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். காசு விஷயத்தைக் கேட்கக் கூச்சப்பட்டே பலர் மெல்ல நழுவிவிடுகிறார்கள். றோட்டரக்ட் (றோட்டரி சேவை அமைப்பின் இளையோர் கழகம்) என்றால் 18 வயதிலிருந்து சேரலாம், முன்பிருந்த 30 வயது உச்சவரம்பும் இப்போது இல்லை, ஆகவே கம்பஸ் முடித்தவரை வழியனுப்பத் தேவையில்லை. வெளிநாடு போகிறவரை மறிக்க முடியாது (அது எங்கள் ஊர்த் தலைவிதி), போகுமுன் தன் பொறுப்பை இன்னொருவருக்குப் பழக்கிவிடச் சொல்லலாம். முக்கியமாக, தலைவர், செயலாளர் பதவிகளைப் பழைய ஆட்களுக்குள்ளேயே சுற்றவிடாதீர்கள்.