ரோட்டோர வீடு, ஆறாவது மாதம்: வீடு மாறத்தான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு ஆறாவது மாதம். வீடு மெயின் ரோட்டை ஒட்டியே இருக்கிறது, நாள் முழுக்க வண்டிப் புகை. இதனால் குழந்தை முன்கூட்டியே பிறந்துவிடுமா? வேறு வீடு பார்க்கட்டுமா?

பதில்: வீடு மாறும் யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 37 வாரம் நிறையும் முன் பிறந்தால் குறைப்பிரசவம். உலகில் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தை அப்படிப் பிறக்கிறது. காரணங்கள் பல, புகை அவற்றில் ஒன்று. தனி ஒருவருக்கு அது கூட்டும் ஆபத்து சிறியதுதான்.

ஆனால் உங்கள் பயம் வீண் பயமில்லை. அமெரிக்காவில் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா சுங்கச்சாவடிகளில் வண்டி நிற்காமலே கட்டணம் கட்டும் வசதி வந்தது. வரிசையில் நின்று உறுமும் வண்டிகள் குறைந்தன. சாவடிக்கு 2 கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மார்களிடம், சற்றுத் தள்ளி வசித்தவர்களோடு ஒப்பிட, குறைப்பிரசவம் 10 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்ததாக 2011இல் வெளியான ஆய்வு காட்டியது.

புகையிலுள்ள நுண்துகள் தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. நுரையீரலின் ஆழம் வரை போய் அழற்சியைக் கிளப்பும். நஞ்சுக்கொடியிலேயே கரித்துகள்களைப் பார்த்திருக்கிறார்கள். அழற்சியின்போது சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்தான் கர்ப்பப்பையைச் சுருங்கவும் வைக்கிறது. சிக்கல் அங்கேதான்.

சரி, என்ன செய்யலாம்? ரோட்டைப் பார்த்த ஜன்னலை நெரிசல் நேரத்தில் மூடுங்கள், படுக்கையைப் பின்னறைக்கு மாற்றுங்கள். துணி மாஸ்க் நுண்துகளைப் பெரிதாகத் தடுக்காது, என்95 தடுக்கும். வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான். 'ஜன்னலோரமாகத்தானே பிடிக்கிறேன்' என்பதெல்லாம் வெறும் சமாதானம். பழைய பெயின்டைச் சுரண்டும் வேலை இருந்தால் பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அந்தத் தூசியில் ஈயம் இருக்கக்கூடும்.

நீங்கள் கேட்காத ஒன்று, வெயில். வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் குறைப்பிரசவ வாய்ப்பு சுமார் 5 சதவீதம் கூடுவதாகப் பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. மூடிய அறை புழுங்கும், அதனால் போக்குவரத்து அடங்கியதும் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள்.

அப்புறம், 37 வாரத்துக்கு முன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வயிறு இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ புகையா வெயிலா என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.