துடுப்பு நிற்கும்வரை கிண்ட வேண்டும்

கேள்வி: நாங்கள் இருப்பது அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டில். பக்கத்து வீட்டுப் பாட்டி புகையிலைப் பண்ணையில் வளர்ந்தவர். சின்ன வயதில் முற்றத்து இரும்புக் கொப்பரையில் ஊரே கூடிக் கிண்டிய பிரன்ஸ்விக் ஸ்ட்யூ என்ற கெட்டிக் கறிக்குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார். அவருக்காக நானும் செய்தேன். எல்லாவற்றையும் குக்கரில் போட்டு நாலு விசில் விட்டால் ரசம் மாதிரி வந்தது, மைதா கரைத்து ஊற்றியும் தேறவில்லை. இதற்கிடையில் என் கணவரோடு வேலை செய்யும் ஜார்ஜியா மாநிலத்துக்காரர் அது தங்கள் ஊர்ச் சாப்பாடு என்கிறார். எது சரி?
– வாசகி, ரிச்மண்ட்

பதில்: முதலில் அந்தக் குக்கரையும் மைதாவையும் உள்ளே வையுங்கள். களி கிண்டுகிற மாதிரிதான் இதுவும், கை வலிக்காமல் வராது. ஒன்றரை கிலோ கோழியை எலும்போடு இரண்டு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் வேகவிட்டு, எலும்பை எடுத்துவிட்டுக் கறியை நார் நாராகப் பிய்த்து அதே தண்ணீரில் போடுங்கள். வெங்காயம், ஒரு கிலோ தக்காளி, முக்கால் கிலோ உருளைக்கிழங்கு, அப்புறம் பட்டர் பீன்ஸ் (நம் ஊர் டபுள் பீன்ஸேதான், காய்ந்ததாக இருந்தால் முந்தின ராத்திரி ஊறவைத்துத் தனியாக வேகவைத்துக்கொள்ளுங்கள்). இரண்டு மணி நேரம் சிறு தீயில் மூடாமல் கொதிக்கட்டும். கிழங்கு கரைந்துதான் குழம்பு கெட்டிப்படும். மக்காச்சோள மணியைக் கடைசி அரை மணியில் போடுங்கள், முன்னாடியே போட்டால் அடிப்பிடிக்கும். வெண்ணெய், மிளகுத்தூள், உப்பு, கொஞ்சம் காய்ந்த மிளகாய். கரம் மசாலா பக்கம் கை போகவே கூடாது! நடுவில் செருகிய துடுப்பு சாயாமல் நின்றால் பதம் வந்துவிட்டது என்பது அந்த ஊர்க் கணக்கு.

சண்டைக்கு வருவோம். வர்ஜீனியாவின் பிரன்ஸ்விக் கவுண்டிக்காரர்கள் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) 1828 என்பார்கள், வேட்டைக்குப் போன இடத்தில் ஜிம்மி மேத்யூஸ் என்ற கறுப்பினச் சமையல்காரர் அணில் கறியும் வெங்காயமும் காய்ந்த ரொட்டியும் போட்டுக் கிண்டினாராம். ஜார்ஜியாவின் பிரன்ஸ்விக் நகரிலோ, 1898 ஜூலை 2 அன்று முதன்முதலில் செய்த பானை என்று ஒன்றையே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஆண்டைப் பார்த்தால் பாட்டி பக்கம்தான் பலம். ஆனால் சோளத்தையும் பீன்ஸையும் வேட்டைக் கறியையும் ஒரே பானையில் வேகவைப்பது அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு இவர்கள் எல்லோருக்கும் முன்பே தெரியும்.

அணிலைத் தேடி அலைய வேண்டாம், இப்போது அங்கேயே கோழிதான். முந்தின நாளே செய்து வையுங்கள், மறுநாள் சூடுபண்ணும்போது ருசி கூடும், அப்போதும் கிண்டிக்கொண்டே இருங்கள். அந்த வேலையைப் பாட்டியிடம் கொடுத்தால் அவர் மறுக்கப் போவதில்லை.