கியர் லீவர் ஆடுகிறதா? கியர்பாக்ஸை இறக்கும் முன் புஷ்ஷைப் பாருங்கள்

கேள்வி: 1999 மாடல் மாருதி 800 வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாக கியர் லீவர் கலகலவென்று ஆடுகிறது. ஃபர்ஸ்ட் என்று நினைத்துப் போட்டால் சில சமயம் தேர்டில் விழுந்து, வண்டி திணறி நின்றுவிடுகிறது. ரிவர்ஸைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். அவர் சொல்லும் தொகைக்கு வண்டியையே விற்றுவிடலாமா என்று தோன்றுகிறது. என்ன செய்ய? (வாசகர், ஈரோடு)

பதில்: விற்க வேண்டாம், கியர்பாக்ஸையும் இப்போதைக்குத் தொட விடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் உராயும் சத்தம் இல்லை, கியர் தானாகக் கழன்று வருவதாகவும் இல்லை. லீவர் ஆடுகிறது, கியர் இடம் மாறி விழுகிறது, அவ்வளவுதான். இது பெரும்பாலும் புஷ், அதாவது மூட்டுத் துளைக்குள் போல்ட்டைச் சுற்றி உட்காரும் சின்ன வளையம், தேய்ந்த வண்டியின் பேச்சு.

இந்த வண்டியில் 796 சிசி இன்ஜின் முன்பக்கம் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கிறது, கியர்பாக்ஸும் அதோடு ஒட்டி பானட்டுக்குக் கீழே இருக்கிறது, ஆனால் நீங்கள் பிடிக்கும் லீவரோ இரண்டு சீட்டுக்கும் நடுவில். இடையில் உள்ள தூரத்தை வண்டியின் அடிவயிற்றில் ஓடும் கியர் ராடுதான் இணைக்கிறது. கூடவே இன்னொரு ராடு லீவரின் அடிப்பகுதியை கியர்பாக்ஸோடு பிடித்து வைத்திருக்கும். இவை மாட்டியிருக்கும் மூட்டுகளில் எல்லாம் நைலான் அல்லது ரப்பர் புஷ் இருக்கும். பக்கத்திலேயே சைலன்சர் குழாய் போவதால் சூடு, மழைக்காலத்தில் சேறு, கோடையில் புழுதி என்று இருபது இருபத்தைந்து வருடம் அத்தனையையும் வாங்கிக்கொண்டு கிடக்கிற பொருள் அது. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலும் போதும், எல்லாம் சேர்ந்து மேலே லீவரின் குமிழில் பெரிய ஆட்டமாக வந்து நிற்கும். நீங்கள் ஃபர்ஸ்டுக்குத் தள்ளியதில் பாதி அந்த ஆட்டத்திலேயே கரைந்துவிடுகிறது, மிச்சம் கியர்பாக்ஸுக்குப் போகும்போது அது தேர்டாகிவிடுகிறது.

சரி, இதை உறுதி செய்வது எப்படி? இன்ஜினை அணைத்துவிட்டு கிளட்சை மிதித்து எல்லா கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் நிற்கும்போது அழகாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கோளாறு கிளட்சில். முதலில் கேபிளைச் சரி செய்து பார்க்க வேண்டும். நின்றாலும் ஓடினாலும் ஒரே மாதிரி தடுமாறினால் லிங்கேஜ் பக்கம், அதாவது அந்த ராடுகளையும் மூட்டுகளையும் பாருங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தி விடும்போதெல்லாம் லீவர் முன்னும் பின்னும் குதித்தால் இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், அது போயிருந்தாலும் இதே வேலையைக் காட்டும்.

அப்புறம் நேரில் பார்ப்பது. கியர்பாக்ஸைப் பிரிக்க ஒப்புக்கொள்ளும் முன் இதை நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, ஒருவர் உள்ளே உட்கார்ந்து லீவரை மெதுவாக ஆட்ட, நீங்கள் கீழே நின்று ராடைப் பாருங்கள். லீவர் நகர்ந்தும் ராடு நகராமல் இருக்கும் அந்த நொடியில் ஆட்டம் எந்த மூட்டில் போகிறது என்று தெரிந்துவிடும். கழற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவு: வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும், ஓரமெல்லாம் கறுப்புத் தூள் உதிரும், சிலவற்றில் புஷ் என்ற ஒன்றே இருக்காது, இரும்பும் இரும்பும் நேரடியாக உரசிக்கொண்டிருக்கும்.

ஓரளவு கை வேலை தெரிந்தவர் என்றால் நீங்களே மாற்றலாம். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகுதான் எதுவும். சைலன்சர் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். போல்ட்டைத் தொடும் முன் ராடு எந்தப் பக்கம், எந்த நிலையில் மாட்டியிருக்கிறது என்று பெயின்டால் ஒரு கோடு போட்டு, மொபைலில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த நட்டுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தால் மறுநாள் பாதி சண்டை மிச்சம்.

பழைய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து எடுக்கப் பார்ப்பார்கள், ராடின் முனை வளைந்துவிடும், வேண்டாம். நீளமான போல்ட், நட், இரண்டு வாஷர், புஷ்ஷை விடச் சற்றுப் பெரிய குழாய்த் துண்டு இருந்தால் திருகித் திருகியே வெளியே இழுத்துவிடலாம். புதிய நைலான் புஷ்ஷைக் கொதிக்கும் நீரில் சில நிமிடம் போட்டு எடுத்தால் இளகி உள்ளே போகும். ரப்பருக்கு சோப்புத் தண்ணீர் போதும். ரப்பர் புஷ்ஷுக்குச் சாதாரண கிரீஸ் தடவாதீர்கள், பல ரப்பர்கள் அதில் ஊறி உப்பிவிடும், தேவைப்பட்டால் சிலிகான் கிரீஸ். நைலானுக்கு லித்தியம் கிரீஸ் சரி.

பலர் விட்டுவிடுவது பின்னைத்தான். புஷ்ஷுக்குள் ஓடும் போல்ட் அல்லது பின்னைத் துடைத்துவிட்டு நகத்தால் வருடிப் பாருங்கள். ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்து, நகம் தடுக்கும் படி விழுந்திருந்தால் அதையும் மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் புதுப் புஷ் சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிடும். அதே போல ஒரு மூட்டில் மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விடாதீர்கள், செட்டாகவே வாங்குங்கள். மொத்தச் செலவில் புஷ்ஷை விடக் கூலிதான் அதிகம். தூசி உறை கிழிந்திருந்தால் அதுவும் புதிது போடுங்கள். மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றுபோனாலும் இந்த மாதிரி சாமான்கள் ஊர் ஊருக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கின்றன. சென்னைப் பக்கம் வந்தால் ஜி.பி. ரோட்டில் விசாரியுங்கள். புதுப்பேட்டையில் பழைய ராடு கிடைக்கும், ஆனால் பழைய புஷ்ஷை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் கியர் கழன்று வந்தாலோ, கரகரவென்று உராய்ந்தாலோ, அப்போது கியர்பாக்ஸைப் பிரிப்பதில் நியாயம் உண்டு.

கேள்வி: லேத்தில் பித்தளைப் புஷ் கடைந்து போட்டால் ஆயுசுக்கும் நிற்கும் என்கிறார்களே, போடலாமா? (வாசகி, கோவை)

பதில்: நிற்கும், அது உண்மைதான். ஆனால் இன்ஜின் அதிர்வை நைலானும் ரப்பரும் விழுங்கிக்கொள்கிற மாதிரி பித்தளை விழுங்காது, அப்படியே உங்கள் கைக்குக் கொண்டுவரும். அளவு கொஞ்சம் பிசகினாலும் கியர் இறுகும், கிரீஸ் காய்ந்தால் விலை அதிகமான பின்னைத் தேய்த்துவிடும். ஒரிஜினல் அளவில் புஷ் கிடைக்கும் வண்டிக்கு இது தேவையே இல்லை. எங்கு தேடியும் சாமான் கிடைக்காத பழைய வண்டி என்றால், லேத்காரரிடம் தேய்ந்த புஷ்ஷைக் கொடுத்து அளவெடுக்கச் சொல்லாமல், பின்னையும் ராடையும் கொண்டுபோய்க் கொடுத்து, முடிந்தால் நைலான் தண்டிலேயே கடையச் சொல்லுங்கள்.

கேள்வி: என் 2006 சான்ட்ரோவில் சிக்னலில் நிற்கும்போது லீவர் திடீரென்று வெறுமனே ஆட ஆரம்பித்தது, எந்தக் கியரும் விழவில்லை. டோ செய்து கொண்டுவந்தேன். இதுவும் புஷ்தானா? (வாசகர், வேலூர்)

பதில்: பெரும்பாலும் ஆமாம். இதில் ராடுக்குப் பதில் கேபிள், அதன் முனையில் ஒரு சின்னப் புஷ் வழியாகத்தான் கியர்பாக்ஸின் கைப்பிடியில் மாட்டியிருக்கும். அந்தப் புஷ் உடைந்தால் கேபிள் கழன்று லீவர் அனாதையாகிவிடும். பானட்டைத் திறந்து, இன்ஜினை அணைத்துவிட்டு, கியர்பாக்ஸ் மேல் கேபிள் முனை தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் அதைத் திரும்ப மாட்டி, பிளாஸ்டிக் டை ஒன்றால் இறுக்கிக் கட்டி மெதுவாகப் பட்டறை வரைக்கும் ஓட்டலாம், அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. சில கடைகளில் முழுக் கேபிளையும் மாற்றச் சொல்வார்கள். கேபிளை உருவிப் பார்க்கும்போது உறைக்குள் தடையில்லாமல் ஓடி, பிரி பிரியாமல் இருந்தால் புஷ் மட்டும் போட்டுத் தரக் கேளுங்கள். இறுகியோ பிரிந்தோ இருந்தால் அவர்கள் சொல்வது சரி, கேபிளையே மாற்றிவிடுங்கள்.