ஃபால்அவுட் 4: கொலைகாரனுக்குக் கிடைத்த கதை மகனுக்குக் கிடைக்கவில்லை

ஃபால்அவுட் 4 என்ற வீடியோ விளையாட்டின் கதை தேறுகிறதா, அதில் வருபவர்கள் செய்வதற்கெல்லாம் நம்பும்படியான காரணம் இருக்கிறதா என்பது கேள்வி. மூன்று முறை முடித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: சின்னக் கதைகள் அபாரம், பெரிய கதை சறுக்கல். இன்னும் விளையாடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லா முடிச்சுகளையும் அவிழ்க்கப்போகிறேன்.

2077 அக்டோபர் 23 அன்று அணுகுண்டுகள் விழுகின்றன. பாஸ்டனுக்கு அருகே ஒரு தம்பதி, கைக்குழந்தை ஷானுடன் வால்ட் 111 என்ற நிலத்தடிக் காப்பகத்துக்குள் ஓடுகிறார்கள். அந்த இருவரில் ஒருவர்தான் நீங்கள். அங்கே அவர்களை உறைய வைத்துவிடுகிறார்கள். இடையில் ஒருமுறை விழிப்பு வருகிறது. கண்ணாடிக்கு அப்பால், முகத்தில் தழும்புள்ள கெல்லாக் என்ற கூலிப்படைக்காரன் உங்கள் துணையைச் சுட்டுக் கொன்று, குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போகிறான். மறுபடி உறைபனி. வெளியே வரும்போது ஆண்டு 2287.

இதைவிட வலுவான தொடக்கம் வேண்டுமா? பிள்ளையைப் பறிகொடுத்தவருக்குத் தேடிப் போவதற்கு வேறு காரணம் தேவையே இல்லை. பிரச்சினை அடுத்த அரை மணி நேரத்தில் தொடங்குகிறது. பிரெஸ்டன் கார்வி என்ற நல்ல மனிதர் குறுக்கே வந்து, இந்தக் குடியிருப்புக்கு உதவுங்கள், அந்தக் குடியிருப்புக்கு உதவுங்கள் என்கிறார். முதல் முறை விளையாடியபோது நாற்பது மணி நேரம் கழித்து என்னிடம் தண்ணீர் பம்பு, மின்விளக்கு, காய்கறிப் பாத்தி எல்லாம் கொண்ட அழகான ஊர் ஒன்று இருந்தது. ஷானின் நினைவு மட்டும் இல்லை. பிள்ளையைக் காணோம் என்று தேடிக் கிளம்பியவன் வழியில் நின்று அடுத்தவர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த கதை அது.

இஷ்டப்படி எங்கும் சுற்றலாம் என்கிற திறந்த உலக விளையாட்டு என்றால் அப்படித்தான் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். 1997-இல் வந்த முதல் ஃபால்அவுட்டில் உங்கள் காப்பகத்தின் நீர் சுத்திகரிப்புச் சில்லு பழுதாகிவிடும்; புதியது கொண்டுவர 150 நாள் கெடு. ஊர் சுற்றலாம், ஆனால் நாள் எண்ணிக்கை குறைந்துகொண்டே இருக்கும். கதை எதை அவசரம் என்றதோ அதை விளையாட்டும் அவசரம் என்றது. நான்காம் பாகத்தில் கதை கதறுகிறது, விளையாட்டு கொட்டாவி விடுகிறது.

சரி, கெல்லாக். அவனைக் கொன்ற பிறகு, அவன் மூளையில் இருந்த கருவியின் வழியாக அவன் நினைவுகளுக்குள் நடக்கிறீர்கள். விளையாட்டின் ஆகச் சிறந்த பகுதி இது என்பேன். குடிகாரத் தகப்பன் இருக்கும் வீட்டில் சிறுவன் கையில் துப்பாக்கியைத் திணிக்கும் அம்மா. பிறகு சான் பிரான்சிஸ்கோவில் மனைவியும் பெண் குழந்தையும். அவன் தேடிக்கொண்ட பகையால் அந்த இருவரும் கொல்லப்படுகிறார்கள். அதன் பிறகு யார் காசு கொடுத்தாலும் சுடுகிற ஒருவன். நீங்கள் அவனை மன்னிக்க வேண்டும் என்று விளையாட்டு கெஞ்சுவதில்லை. குடும்பத்தை இழந்தவனே இன்னொரு குடும்பத்தை அழித்தான் என்பதை உங்கள் முன் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. மகள் பிறந்த பிறகு இந்தப் பகுதியை மறுபடி விளையாடியபோது, அந்தத் தொட்டில் அறையில் என்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

இவ்வளவு நுட்பம் தெரிந்தவர்கள் ஷானிடம் ஏன் கோட்டை விட்டார்கள் என்பதுதான் எனக்குப் புரியாதது.

குழந்தையைக் கடத்தியது 2227-இல். அதாவது நீங்கள் தேடும் கைக்குழந்தை இப்போது அறுபது வயதுக் கிழவர். பாஸ்டனின் அடியில் ஒளிந்திருக்கும் இன்ஸ்டிடியூட் என்ற விஞ்ஞானிகள் கூட்டத்தின் தலைவர். எல்லோரும் அவரை ‘ஃபாதர்’ என்று அழைக்கிறார்கள். கதிர்வீச்சு படாத அவருடைய மரபணுவைக் கொண்டுதான் சிந்த் எனப்படும் செயற்கை மனிதர்களை உருவாக்கியிருக்கிறார்கள். மகன் தந்தையாகிவிட்ட இந்தத் திருப்பம் அருமையானது. முதல் முறை பார்த்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அதன் பிறகு அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். உங்களை உறைபனியிலிருந்து விடுவித்தது தானே என்கிறார். ஏன்? தன்னைத் தேடி வருகிறீர்களா என்று அறிய ஆசையாம். அதற்காகப் பெற்றவரை, அரக்கப் பிராணிகள் திரியும் பாழ்நிலத்தில் ஒரு துணையும் இல்லாமல் இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார். கெல்லாக் உங்கள் வழியில் வந்ததும் தற்செயல் இல்லை, பழிவாங்க ஒரு வாய்ப்பாக அமையட்டும் என்றுதான் என்கிறார். அடடா, இதோ ஒரு மனிதன் எட்டிப் பார்க்கிறான் என்று நினைத்தேன். தன் பெற்றோரில் ஒருவரைக் கொன்றவனை வைத்தே இத்தனை ஆண்டுகள் இன்ஸ்டிடியூட் வேலை வாங்கியிருக்கிறது. ஷான் அதை எப்படிச் சகித்தார்? வெறுப்பா, பயமா, மரத்துப்போனதா? விளையாட்டு அந்தக் கதவைத் தட்டிவிட்டு ஓடிவிடுகிறது. அடுத்த சில வேலைகளுக்குள் இன்ஸ்டிடியூட்டின் தலைமைப் பொறுப்பையே உங்களிடம் கொடுக்க முன்வருகிறார். இருநூற்றுப் பத்து ஆண்டுகள் உறைந்து கிடந்துவிட்டு, நேற்று வந்து இறங்கிய ஒருவரிடம்!

இன்ஸ்டிடியூட்டின் நோக்கமும் இதே கதிதான். மேலே இருக்கும் மனிதர்களைக் கடத்தி, அவர்கள் இடத்தில் அச்சு அசலான சிந்த்களை வைக்கிறார்கள். அங்குள்ள பெரிய ஊரான டைமண்ட் சிட்டியின் மேயரே ஒரு சிந்த். எதற்காக? நிலத்துக்கு மேலே எதிர்காலமே இல்லை என்று நம்புகிறவர்களுக்கு மேயர் பதவி எதற்கு? வார்விக் பண்ணையில் ரோஜர் என்ற விவசாயியை அகற்றிவிட்டு ஒரு சிந்தை வைத்திருக்கிறார்கள். காரணம், பயிர் ஆராய்ச்சி. ஒரு பூசணி விதையை விதைத்துப் பார்க்க ஓர் ஆளையே ஒழிக்கிறார்கள். பக்கத்து வீட்டில் கேட்டிருந்தால் ஒரு பாத்தி நிலம் கொடுத்திருப்பார்களே!

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பண்ணைக் கதை தனியாகப் பார்த்தால் பிரமாதம். அசல் ரோஜர் குடித்துவிட்டுக் குடும்பத்தைப் படுத்தியவர். வந்த போலி, மனைவி மக்களிடம் அன்பாக இருக்கிறது. உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று நான் அந்தப் பண்ணையில் வெகுநேரம் சுற்றினேன். டான்ஸ் என்ற வீரரின் கதையும் அப்படியே. சிந்த்களை அழிப்பதே தர்மம் என்று வாழ்ந்தவர் தானே ஒரு சிந்த் என்று அறிகிறார். அறிந்ததும், அந்த விதி தனக்கும் பொருந்தும், என்னைச் சுடுங்கள் என்கிறார். கொள்கை எவ்வளவு கொடியதாக இருந்தாலும் அதற்கு உண்மையாக நிற்கிற மனிதர். மனிதர் என்றே எழுதிவிட்டேன், திருத்தப்போவதில்லை.

மறுபடி முதல் ஃபால்அவுட்டுக்கு வருகிறேன். அதன் வில்லன் மாஸ்டர், எல்லா மனிதர்களையும் ஒரே இனமான மியூட்டன்ட்களாக, அதாவது உடல் திரிந்த பிறவிகளாக, மாற்றிவிட்டால் சண்டையே இருக்காது என்று நம்புகிறவன். அந்த மியூட்டன்ட்களால் பிள்ளை பெற முடியாது என்பதற்கான சான்றை அவன் முன் வைத்தால், தான் செய்ததெல்லாம் வீண் என்று உணர்ந்து தன்னையே அழித்துக்கொள்கிறான். ஒரு தோட்டா செலவில்லாமல் அவனை வெல்லலாம். ஃபாதரிடம் அப்படி வாதாட எனக்கு ஆசை. எதை எடுத்து மறுப்பது? அவர் எதையும் நிறுவவில்லையே. ஒவ்வொரு பேச்சுக்கும் நான்கே பதில்கள் தரும் உரையாடல் முறை வேறு, அந்தக் கொஞ்ச நஞ்ச வாய்ப்பையும் நெரித்துவிட்டது.

மூன்றாம் முறை இன்ஸ்டிடியூட்டைத் தகர்த்தேன். கிளம்பும் நேரத்தில், பத்து வயது ஷானின் உருவில் செய்யப்பட்ட சிந்த் சிறுவன் வந்து, தன்னையும் அழைத்துப்போகச் சொல்கிறான். அவனை உங்கள் பிள்ளையாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஃபாதர் பதிவுசெய்து வைத்த செய்தி பிறகு கிடைக்கிறது. அறுபது ஆண்டுகளில் அந்த மனிதர் எனக்குச் சொன்னவற்றில் அது ஒன்றுதான் மகன் பேசியது போல இருந்தது. அதைக் கேட்பதற்குள் அவர் இறந்திருந்தார்.