இடது தடத்தில் நின்று நேராகப் போனேன், கார் குறுக்கே திரும்பி அடித்துவிட்டது: இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக வேலை பார்க்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் காலையில் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகும்போது, அண்ணா சாலையில் ஒரு சிக்னலில் இடது ஓரத் தடத்தில் நின்றேன். அந்தத் தடத்தில் இடப்பக்கம் திரும்பும் அம்புக்குறி போட்டிருந்தது. நான் நேராகப் போக வேண்டியவள். பச்சை விழுந்ததும் நேராகக் கிளம்பினேன். எனக்கு வலப்பக்கம், நடுத் தடத்தில் நின்ற கார் இண்டிகேட்டர்கூடப் போடாமல் சட்டென்று இடப்பக்கம் திரும்பி என்னை அடித்துவிட்டது. வலது காலில் எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். காவல் நிலையத்தில் வழக்குப் பதியாமல், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். "நீங்களும் தப்பான லேன்லதான் நின்னிருக்கீங்க, கேஸ் போட்டா உங்க மேலயும் வரும், இருபதாயிரம் வாங்கிக்கிட்டு முடிச்சுக்குங்கம்மா" என்கிறார்கள். எனக்கு வேறு வழியே இல்லையா?
- சென்னை வாசகி

பதில்: இருக்கிறது, சகோதரி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கையில் அவகாசம் அதிகம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 166(3) பிரிவின்படி, விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு தாக்கல் செய்ய வேண்டும். உங்களுக்கு நான்கு மாதம் ஓடிவிட்டது. இந்தக் கெடு சரியா என்று நீதிமன்றங்களில் வாதம் நடக்கிறது. அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

இனி உங்கள் மனதை அரிக்கும் கேள்விக்கு வருகிறேன். தவறான தடத்தில் நின்றது தவறுதான். இப்போது நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள். தரையில் அம்புக்குறி போட்ட தடத்தில் நின்றால் அந்த அம்பு காட்டும் திசையில்தான் போக வேண்டும். இடப்பக்கம் திரும்புகிறவர் சந்திப்பு வருமுன்பே இடது ஓரத்துக்கு வந்து, ஓரத்தை ஒட்டியே திரும்ப வேண்டும். வலப்பக்கம் திரும்புகிறவர் முன்கூட்டியே சாலையின் நடுப்பகுதிக்கு வந்து, எதிரே நேராக வரும் வண்டிகளுக்கு வழிவிட்டுத் திரும்ப வேண்டும். கடைசி நொடியில் தடம் மாறக் கூடாது. நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் தடங்களுக்கு நடுவே தொடர்கோடு இருந்தால் அதைத் தாண்டவும் கூடாது. தவறான தடத்தில் மாட்டிக்கொண்டால், அம்பு காட்டும் பக்கமே போய், அடுத்த இடத்தில் சுற்றி வருவதுதான் முறை.

இந்த விதியை நீங்கள் மீறியதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 177ஏ பிரிவில் 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம். "உங்க மேலயும் வரும்" என்று பயமுறுத்தினார்களே, உங்களால் வேறு யாருக்கும் காயம் இல்லாத நிலையில் அதன் நிஜமான அளவு பெரும்பாலும் இவ்வளவுதான்.

அந்தக் காரோட்டியின் பக்கம் பாருங்கள். நடுத் தடத்திலிருந்து இடப்பக்கம் திரும்பியது தடம் தவறிய செயல். சைகை காட்டவில்லை. தனக்கும் ஓரத்துக்கும் நடுவே ஒரு வண்டி போகிறதா என்று இடது கண்ணாடியில் பார்க்கவும் இல்லை. உங்களுக்கு எலும்பு முறிந்திருப்பதால் இது சட்டத்தின் பார்வையில் கொடுங்காயம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில், கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவதற்கான 281-ஆம் பிரிவும், அலட்சியத்தால் கொடுங்காயம் உண்டாக்குவதற்கான 125(பி) பிரிவும் பொருந்தும். பின்னதில் 3 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். இத்தனையையும் சி.எஸ்.ஆர். ரசீதில் முடிக்க நினைப்பது சரியல்ல.

இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனி வைக்கப்போகும் முக்கிய வாதம் இதுதான்: "கான்ட்ரிபியூட்டரி நெக்லிஜென்ஸ்", அதாவது விபத்தில் உங்கள் அலட்சியத்துக்கும் பங்கு உண்டு என்பது. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். விதியை மீறினீர்களா என்பது ஒரு கேள்வி. அந்த மீறல்தான் விபத்தை உண்டாக்கியதா என்பது வேறு கேள்வி. பைக்கில் மூன்று பேர் போன ஒரு வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: மூன்று பேர் போனது விதிமீறல்தான், ஆனால் விபத்துக்கோ அதன் விளைவுக்கோ அது காரணமானது என்று காட்டாதவரை அதற்காக இழப்பீட்டைக் குறைக்க முடியாது.

உங்கள் வழக்கில் அந்தக் கேள்வியை இப்படிப் போட்டுப் பாருங்கள். நீங்கள் விதிப்படி நடுத் தடத்தில், அந்தக் காருக்கு முன்னாலோ பின்னாலோ நின்றிருந்தால் இந்த மோதல் நடந்திருக்காது. எதிர்த்தரப்பு இதைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அந்தக் காரோட்டி விதிப்படி நடுத் தடத்திலிருந்து நேராகப் போயிருந்தால், நீங்கள் இடது தடத்தில் நேராகப் போயிருந்தும் ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் போயிருக்கும். குறுக்கே வந்தது அவர். "இடப்பக்கமாக ஓவர்டேக் செய்தார்" என்றும் சொல்வார்கள். இரண்டு பேரும் சிக்னலில் நின்று, பச்சையில் ஒன்றாகக் கிளம்பி, அவரவர் தடத்தில் நகர்ந்ததை முந்துதல் என்று சொல்ல முடியாது.

கொஞ்சம் பங்கு உங்கள் மேலும் விழலாம். விழுந்தாலும் வழக்கு போய்விடாது, தொகையில் அந்தப் பங்கு மட்டும்தான் கழியும். கோயம்புத்தூரில் 2017-ல் நடந்த ஒரு விபத்தில் 2025-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நெடுஞ்சாலையில் ஒரு கார் சைகை எதுவும் இல்லாமல் திடீரென்று பிரேக் போட்டது. பின்னால் பைக்கில் வந்த பொறியியல் மாணவர் அதில் மோதி விழுந்தார். பின்னால் வந்த பஸ் ஏறி அவர் ஒரு காலை இழந்தார். அவரிடம் முறையான லைசென்ஸ் இல்லை, போதிய இடைவெளியும் விடவில்லை. அப்படியிருந்தும் கார் 50 சதவீதம், பஸ் 30 சதவீதம், மாணவர் 20 சதவீதம் என்றுதான் பொறுப்பைப் பிரித்தார்கள். உங்களுக்கு ஆறு லட்சம் என்று தீர்ப்பாயம் கணக்கிட்டு, அதே 20 சதவீதத்தைக் கழித்தால்கூட 4,80,000 ரூபாய் வரும். நிலையத்தில் பேசும் இருபதாயிரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சாட்சியங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வண்டிகளில் பட்ட அடி. காரின் இடது முன் ஃபெண்டரோ முன் கதவோ நசுங்கி, ஸ்கூட்டியின் வலது பக்கம் அடிபட்டிருந்தால், கார் உங்கள் மேல் வந்து விழுந்தது என்று அதுவே சொல்லும். மாறாக ஸ்கூட்டியின் முன் மட்கார்டு உடைந்து, காரின் பின் கதவில் அடி இருந்தால், பாதி திரும்பிவிட்ட காரில் நீங்கள் போய் மோதினீர்கள் என்பார்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டிகளைப் பார்த்திருந்தால் அவர் அறிக்கையில் இது இருக்கும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லாததால், ஸ்கூட்டியைச் சரிசெய்த ஒர்க்‌ஷாப்பின் பில்லைத் தேடி எடுங்கள். வலது கண்ணாடி, வலது பக்க பேனல் என்று எந்த எந்தப் பாகம் மாற்றினார்கள் என்பது அதில் வரிவரியாக இருக்கும். இன்சூரன்ஸில் கிளெய்ம் செய்திருந்தால் சர்வேயர் எடுத்த போட்டோக்களும் கிடைக்கும்.

மோதிய பிறகு வண்டிகள் கிடந்த இடத்தை மட்டும் வைத்து உங்களைக் குற்றம் சொன்னால் கலங்க வேண்டாம். மகஜரில், அதாவது விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பில், காட்டிய வண்டிகளின் நிலை மட்டுமே யார் அலட்சியமாக ஓட்டினார்கள் என்பதற்குப் போதிய ஆதாரமாகாது என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்தச் சிக்னலுக்கு யாரையாவது அனுப்பி, தரையில் உள்ள அம்புக்குறியைப் போட்டோ எடுத்து வையுங்கள். வண்டிகள் நிற்கும்போது அம்பு சக்கரங்களுக்கு அடியில் மறைந்துவிடும். மேலே தடப் பலகையும் இல்லாமல், பெயிண்ட்டும் தேய்ந்திருந்தால், அது உங்கள் தவறின் கனத்தைக் குறைக்கும். இடது தடத்தை விட்டால் இருசக்கர வண்டிக்கு நிற்க இடமே கிடைக்காத சிக்னல்கள் சென்னையில் எத்தனையோ. அது சட்டப்படி சாக்காகாது, ஆனால் தீர்ப்பாயம் நிஜச் சாலையைப் பார்த்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மருத்துவமனையில் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் நகல் வாங்குங்கள். அவசரத்தில் யாரோ "தானாகக் கீழே விழுந்தார்" என்று சொல்லி, டாக்டரும் அப்படியே எழுதியிருந்தால், அந்த ஒரு வரியை வைத்தே முழு வழக்கையும் மறுப்பார்கள். அப்படி இருந்தால் உங்கள் வழக்கறிஞருக்கு மனு போடும் முன்பே தெரிய வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், சம்பளச் சான்று, விடுப்பு எடுத்த நாட்களுக்கான கடிதம் எல்லாம் சேர்த்து வையுங்கள். ஊனச் சதவீதம் டாக்டர் சொல்வது. அதே சதவீதம் சம்பாதிக்கும் திறனும் போய்விட்டதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கணக்கர் வேலை உட்கார்ந்து செய்வது என்பதால் இந்த இடத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். வலி, சிகிச்சை, உதவியாளர் செலவு, பிளேட்டை எடுக்க வேண்டிவந்தால் அதற்கான செலவு ஆகியவற்றை விடாமல் கேளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். விஷயம்: நடந்ததை எழுதி, போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவுக்கும் மாநகரக் காவல் ஆணையருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை அணுகலாம். எஃப்.ஐ.ஆர். தாமதமானது என்பதற்காக மட்டும் இழப்பீட்டு மனுவைத் தள்ளக் கூடாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதனால் எஃப்.ஐ.ஆர். வரும்வரை எம்.சி.ஓ.பி. எனப்படும் இழப்பீட்டு மனுவை நிறுத்தி வைக்காதீர்கள். கார் நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டால் இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றம்தான் உங்களுக்கான தீர்ப்பாயம்.

புகாரிலும் சரி, கூண்டிலும் சரி, இடது தடத்தில் நின்றதை மறைக்காதீர்கள். "அம்புக்குறி போட்ட தடத்தில்தானே நின்றீர்கள்?" என்று குறுக்கு விசாரணையில் கட்டாயம் கேட்பார்கள். "ஆமாம், நின்றேன். நேராகத்தான் போனேன். கார் என் பாதையில் குறுக்கே வந்தது" என்று சொல்லுங்கள். அந்தக் காரோட்டியைச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றச் சொல்லி உங்கள் வழக்கறிஞர் வற்புறுத்த வேண்டும். இடப்பக்கம் திரும்ப நினைத்தவர் ஏன் நடுத் தடத்தில் நின்றார் என்பதற்கு அவர் பதில் சொல்லட்டும்.